முதல் 60 அடியில் தொலைந்த நேரம்: ஒரு ஃப்ரண்ட் வீல் டிரைவ் காரின் லான்ச் (நின்ற இடத்திலிருந்து கிளம்புவது) பற்றிய நிகழ்வு ஆய்வு

கால் மைலுக்கு 16.7 விநாடி எடுத்துக்கொண்டிருந்த ஒரு கார், இன்ஜினில் எதையும் தொடாமல் 16.3-க்கு இறங்கியது. அது எப்படி நடந்தது என்பதை முழுசாக எழுதி வைக்கிறேன். இதில் ஓட்டுநர் செய்துகொண்டிருந்தவை எல்லாம் ஃப்ரண்ட் வீல் டிரைவ் (இன்ஜின் முன்சக்கரங்களைச் சுற்றுகிற) காரோடு டிராக் ரேஸுக்கு (drag race, நின்ற இடத்திலிருந்து கால் மைல் நேராக ஓடும் போட்டி) வருகிற பெரும்பாலானவர்கள் செய்கிறவைதான். அதைவிட முக்கியம், ரியர் வீல் டிரைவ் காருக்குச் சொல்லப்பட்ட அறிவுரைகளை அப்படியே எடுத்துக்கொண்டு வந்து இந்தக் கார்களில் போட்டுப் பார்த்து, கார் சரியில்லை என்று முடிவு கட்டிவிடுகிறார்கள். அது எனக்கு ரொம்ப வருத்தமான விஷயம்.

காரைப் பற்றி முதலில். டர்போ இல்லாத பெட்ரோல் ஹேட்ச்பேக், அதிகபட்ச டார்க் (சுழற்று விசை) 150 நியூட்டன் மீட்டர், 5 கியர் மேனுவல், ஓப்பன் டிஃபரன்ஷியல், சாதாரண ரோடு டயர். ஓட்டுநரோடு சேர்த்து எடை சுமார் 1150 கிலோ, அதில் 62 சதவீதம் முன்சக்கரங்கள் மேல். முன்சக்கரத்துக்கும் பின்சக்கரத்துக்கும் இடைவெளி 2.5 மீட்டர், எடை மையத்தின் உயரம் சுமார் 52 செ.மீ. என்று வைத்துக்கொண்டேன். 6800 ஆர்பிஎம்மில் ரெவ் லிமிட்டர் (இன்ஜின் அதற்கு மேல் சுற்றாமல் தடுக்கும் அமைப்பு) வெட்டும்.

ஓட்டுநர் என் நண்பர். எக்ஸாஸ்ட் மாற்றலாமா, ஏர் ஃபில்டர் மாற்றலாமா என்று கேட்டுத்தான் வந்தார். டைம் ஸ்லிப்பை (ஓட்டத்தின் நேரங்களும் வேகமும் அச்சிட்ட சீட்டு) காட்டுங்கள் என்றேன். கால் மைல் முடிவில் வேகம் மணிக்கு 134 கி.மீ. இருந்தது, ஒவ்வொரு ஓட்டத்திலும் ஏறக்குறைய அதேதான். இந்த எடைக்கும் இந்த இன்ஜினுக்கும் அது நியாயமான வேகம், அதாவது இன்ஜின் தன் வேலையைச் செய்கிறது. ஆனால் 60 அடி நேரம், அதாவது முதல் 60 அடியைக் கடக்கிற நேரம், பெரும்பாலும் 2.72-ஐ ஒட்டி, சில சமயம் 2.65, சில சமயம் 2.9 என்று தள்ளாடிக்கொண்டிருந்தது. கடைசி வேகம் மாறாமல் மொத்த நேரம் மட்டும் ஏறி இறங்கினால் நேரம் தொலைவது கிளம்புகிற இடத்தில்தான், வேறெங்கும் தேட வேண்டியதில்லை.

காருக்கு எவ்வளவு முடியும் என்று முதலில் கணக்குப் போட்டோம்

இதைச் செய்யாமல் யாரும் லான்ச் பழகக் கூடாது என்பது என் கருத்து. இலக்கு தெரியாமல் பழகினால் நல்ல ஓட்டத்துக்கும் அதிர்ஷ்டத்துக்கும் வித்தியாசம் தெரியாது.

கார் முன்னால் பாயும்போது எடை பின்னால் போகும். ரியர் வீல் டிரைவில் அது வரம், ஃப்ரண்ட் வீல் டிரைவில் நேர் எதிர்: எவ்வளவு வேகமாகக் கிளம்புகிறோமோ அவ்வளவு எடை இழுக்கிற சக்கரத்தை விட்டு நகரும். பின்னால் போகிற எடை எவ்வளவு என்பது மூன்றே விஷயத்தைப் பொறுத்தது: முடுக்கம், எடை மையத்தின் உயரம், சக்கர இடைவெளி. இந்தக் காரில் டயருக்கும் தரைக்கும் உராய்வு 0.9 என்று எடுத்துக்கொண்டால் கிடைக்கிற அதிகபட்ச முடுக்கம் 0.47 ஜி (1 ஜி என்பது புவியீர்ப்பு தருகிற முடுக்கம்). நிற்கும்போது முன்னால் 713 கிலோ, 0.47 ஜி-யில் போகும்போது சுமார் 600 கிலோ, அதாவது 110 கிலோவுக்கு மேல் காணாமல் போய்விடுகிறது. முன்னும் பின்னும் பாதிப் பாதி எடையுள்ள ஒரு ரியர் வீல் டிரைவ் கார் இதே டயரில் 0.55 ஜி எடுக்கும். இந்த இடைவெளியை எந்த ஓட்டுநராலும் நிரப்ப முடியாது, அதனால் பக்கத்துப் பாதையில் நிற்கிற ரியர் வீல் டிரைவ் காரின் 60 அடி நேரத்தைப் பார்த்து மனம் நோக வேண்டாம்.

சரி, 0.47 ஜி என்றால் 60 அடிக்கு எத்தனை விநாடி? கடிகாரம் நீங்கள் கிளட்சை விடும்போது ஓட ஆரம்பிப்பதில்லை. முன் டயர் ஸ்டார்ட் லைனில் குறுக்கே போகும் ஸ்டேஜ் ஒளிக்கற்றையை விட்டு வெளியே வரும்போதுதான் ஆரம்பிக்கும். அதற்குள் கார் கிட்டத்தட்ட ஒரு அடி நகர்ந்திருக்கும். அந்த ஓரடியையும் கணக்கில் சேர்த்தால் ஒரு எளிய வழி கிடைக்கிறது: 2.9-ஐ 60 அடி நேரத்தின் வர்க்கத்தால் வகுங்கள், அந்த 60 அடியில் உங்கள் சராசரி முடுக்கம் ஜி கணக்கில் வந்துவிடும். 2.72 விநாடிக்கு 0.39 ஜி. இந்தக் காரின் எல்லையான 0.47 ஜி-க்கு 2.48 விநாடி. ஆக கால் விநாடிக்குக் கொஞ்சம் குறைவான நேரம் டயருக்கும் கிளட்சுக்கும் நடுவில் எங்கேயோ கரைந்துகொண்டிருந்தது.

இன்னொரு கணக்கும் போட்டோம். 0.47 ஜி-க்குத் தேவையான விசையை முதல் கியர் வழியாகத் திருப்பிக் கணக்கிட்டால், இன்ஜின் கொடுக்க வேண்டியது சுமார் 121 நியூட்டன் மீட்டர். கையில் இருப்பது 150. அதாவது முதல் கியரில் ஐந்தில் ஒரு பங்கு டார்க் உபரி, அதைக் கொடுத்தால் சக்கரம் சுற்றத்தான் செய்யும். இரண்டாவது கியரில் முழு ஆக்சிலேட்டர் கொடுத்தாலும் டயரின் எல்லையைத் தொட முடியாது. எனவே முழுப் பிரச்சினையும் முதல் கியருக்குள் அடங்கிவிட்டது. அங்கே ஆக்சிலேட்டரை முழுசாக மிதிப்பது இந்தக் காரில் வேகத்துக்கான வழியே அல்ல.

சாக்பீஸ் கோடு

எங்கே கரைகிறது என்று பார்க்க விலை உயர்ந்த கருவி எதுவும் வேண்டியிருக்கவில்லை. முன் டயரின் பக்கவாட்டில் சாக்பீஸால் ஒரு பட்டையான கோடு போட்டு, போனில் ஸ்லோ மோஷனில் பக்கத்திலிருந்து எடுத்தோம், இன்னொரு போன் உள்ளே ஆர்பிஎம் முள்ளைப் பார்த்தபடி. இந்த டயரின் சுற்றளவு சுமார் 1.82 மீட்டர், 60 அடி என்பது 18.29 மீட்டர், எனவே வழுக்காமல் உருண்டால் கோடு 10 முறை சுற்ற வேண்டும். 14 முறை சுற்றியது. கூடுதல் நான்கு சுற்றில் பெரும்பகுதி முதல் சில மீட்டர்களிலேயே முடிந்துவிட்டது. அதோடு, 60 அடியைத் தாண்டுவதற்கு முன்பே இன்ஜின் லிமிட்டரில் போய் முட்டுகிற சத்தமும் வீடியோவில் தெளிவாகக் கேட்டது.

அந்தச் சத்தம் நிறையச் சொல்கிறது. முதல் கியரில் 1000 ஆர்பிஎம்முக்கு இந்தக் கார் 7.75 கி.மீ. வேகம் போகும், எனவே 6800-இல் சுமார் 53 கி.மீ. வேகம். ஒழுங்கான லான்சில் 60 அடி முடியும்போது கார் 47 கி.மீ. வேகத்தில் இருக்கும், அதாவது 6100 ஆர்பிஎம்மை ஒட்டி, டயர் இயல்பாகக் கொஞ்சம் வழுக்குவதைச் சேர்த்தால் இன்னும் சற்று மேலே. ஆக இரண்டாவது கியர் மாற்ற வேண்டிய இடம் 60 அடியைத் தாண்டிய உடனே வர வேண்டும். அதற்கு முன்பே லிமிட்டர் வெட்டினால் சக்கரம் காரைவிட வெகுவாக முன்னால் ஓடிவிட்டது என்று அர்த்தம்.

அவருடைய முறை என்னவென்றால், 4500 ஆர்பிஎம் வைத்துக்கொண்டு பச்சை விளக்கு பார்த்ததும் கிளட்சைச் சட்டென்று முழுசாக விட்டுவிடுவது. 4500 என்பது முதல் கியரில் 35 கி.மீ. வேகத்துக்குச் சமம். கார் நிற்கிறது, ஃப்ளைவீல் (இன்ஜினோடு சுற்றும் கனமான சக்கரம்) 35 கி.மீ. வேகத்துக்கான சுழற்சியில் இருக்கிறது. இந்த வித்தியாசம் எங்காவது ஒரு இடத்தில் தேய்ந்தே ஆக வேண்டும், இரண்டு இடம்தான் உண்டு: ஒன்று கிளட்ச் தட்டு, இல்லையென்றால் டயர். கிளட்சைப் பட்டென்று விட்டால் முழுவதும் டயரின் தலையில் விழுகிறது. டயர் காரின் வேகத்தைவிட ஏறத்தாழ 10 முதல் 15 சதவீதம் வேகமாகச் சுற்றும்போதுதான் நன்றாகப் பிடிக்கும், அதைத் தாண்டிச் சுற்றச் சுற்ற பிடி குறையும், அப்புறம் சூடேறி ரப்பர் வழவழப்பாகிவிட்டால் ஆக்சிலேட்டரைக் குறைத்தாலும் உடனே திரும்ப வராது. லான்ச் பழகுவது என்று நான் சொல்வதெல்லாம் இந்த ஒன்றைத்தான்: முதல் ஒன்றரை விநாடியில் அந்த வேக வித்தியாசத்தின் பெரும்பகுதியைக் கிளட்சில் தேய்க்க வேண்டும், டயருக்குக் கொஞ்சம்தான் விட வேண்டும்.

கிளட்ச் தேய்ந்துபோகுமே என்று பயப்படுவார்கள். ஆமாம், தேயும். ஆனால் முழுப் பிடியில் பட்டென்று விடுவதால் டிரைவ்ஷாஃப்ட்டின் இணைப்புகளுக்கும் கியர்பாக்ஸுக்கும் விழுகிற அடி இதைவிட மோசம். ஓட்டத்துக்கும் ஓட்டத்துக்கும் நடுவில் கிளட்ச் ஆறுவதற்கு நேரம் கொடுங்கள், வாசனை வந்தால் அடுத்த ஓட்டத்தை விட்டுவிடுங்கள்.

என்னென்ன மாற்றினோம்

முதலில் காரின் எடையைக் குறைத்தோம். டிக்கியில் இருந்த ஸ்டெப்னி, ஜாக்கி, மற்ற சாமான்கள் என்று 25 கிலோவை இறக்கினோம். பின் அச்சுக்கும் பின்னால் தொங்குகிற எடை என்பதால் அதை எடுத்ததும் மொத்த எடை குறைந்ததோடு முன்சக்கரத்தின் பங்கு 62-இலிருந்து ஏறக்குறைய 64 சதவீதமானது. எல்லை 0.47-இலிருந்து 0.48 ஜி-க்கு நகர்ந்தது, 60 அடி நேரத்தில் அது 0.03 விநாடி. இலவசமாகக் கிடைப்பதை விடுவானேன்.

டயர் காற்று: முன்னால் 33 பிஎஸ்ஐ இருந்ததை 2 பிஎஸ்ஐ அளவில் படிப்படியாக இறக்கி 27-இல் நிறுத்தினோம். அதற்குக் கீழே போனபோது ரோடு டயரின் நடுப்பகுதி சரியாக அழுந்தாமல் ஓரங்களே வேலை செய்ய ஆரம்பித்தன, டயரில் தேய்ந்த தடத்தைப் பார்த்தாலே அது தெரியும். பின் டயர்களில் பக்கவாட்டில் அச்சிட்டிருக்கும் அதிகபட்சத்தைத் தாண்டாமல் 40 வரை ஏற்றினோம், அவை சும்மா உருண்டால் போதும்.

தண்ணீர்ப் பெட்டி (டயரைச் சுற்றிச் சூடேற்ற ஸ்டார்ட் லைனுக்கு முன்னால் நனைத்து வைத்திருக்கும் இடம்) விஷயத்தில் ரோடு டயரோடு வருகிறவர்கள் நிறையப் பேர் நேராக அதற்குள் ஓட்டிப் போகிறார்கள். பள்ளம் உள்ள டயர் தண்ணீரை அள்ளிக்கொண்டு வந்து ஸ்டார்ட் லைனில் சொட்டும், உங்களுக்கும் கெடுதல், பின்னால் வருகிறவருக்கும் கெடுதல். ரோடு டயர் என்றால் சுற்றிப் போய்விடுங்கள், உலர்ந்த இடத்தில் ஹேண்ட்பிரேக் பிடித்துக்கொண்டு முன்சக்கரத்துக்கு மட்டும் ஒரு குட்டிச் சுற்று, தூசியும் கல்லும் போனால் போதும். ஹேண்ட்பிரேக் பின்சக்கரத்தைத்தான் பிடிக்கும் என்பதால் ஃப்ரண்ட் வீல் டிரைவில் இது மிகச் சுலபம். அந்தச் சுலபத்தாலேயே புகை வரும்வரை நீட்டுகிறார்கள். ஸ்லிக் டயருக்கு (பள்ளம் இல்லாத பந்தய டயர்) அது சரி, ரோடு டயர் அளவுக்கு மீறிச் சூடானால் பிடி குறையும்.

அடுத்தது ஸ்டேஜிங், அதாவது காரை ஸ்டார்ட் லைனில் சரியான இடத்தில் கொண்டுவந்து நிறுத்துவது. முதலில் வரும் ப்ரீஸ்டேஜ் கற்றைக்கும் ஸ்டேஜ் கற்றைக்கும் நடுவில் 7 அங்குலம்தான். அவர் வழக்கமாக வேகமாக உள்ளே வந்து பிரேக் அடித்து நிற்பார், சில சமயம் தாண்டிப் போய் ரிவர்ஸ் எடுத்து மறுபடி வருவார். ரிவர்ஸ் எடுத்து நின்றால் கியர், டிரைவ்ஷாஃப்ட், இன்ஜின் மவுண்ட் எல்லாவற்றிலும் இருக்கும் தளர்ச்சி தலைகீழாகச் சாய்ந்திருக்கும், கிளட்சை விட்டதும் அந்தத் தளர்ச்சி முழுவதும் ஓடிவந்து ஓர் அடியாகச் சக்கரத்தில் விழும், பிடி உடைய அதுவும் ஒரு காரணம். இப்போது கடைசி அசைவு எப்போதும் முன்னோக்கி, கிளட்ச் லேசாகத் தொட்ட நிலையில் ஊர்ந்து வந்து, ஸ்டேஜ் கற்றையைத் தொட்டதைக் காட்டும் இரண்டாவது விளக்கு எரிந்த அந்தக் கணத்தில் நிறுத்துவது, ஸ்டியரிங் நேராக. இரண்டாவது விளக்கு எரிந்தவுடன் நின்றால் டயர் கற்றையை விட்டு வெளியேறக் கூடுதல் தூரம் கிடைக்கிறது, கடிகாரம் தொடங்கும்போது கார் ஏற்கனவே கொஞ்சம் வேகத்தில் இருக்கும். ரியாக்‌ஷன் நேரம் (பச்சை விளக்கிலிருந்து கடிகாரம் தொடங்கும்வரை ஆவது) சற்று கூடும், ஆனால் ஓட்ட நேரம் குறையும்.

இப்போது முக்கியமான பகுதி, கிளட்ச். இதைப் பேசிப் புரியவைப்பது கடினம், காலுக்குத்தான் புரிய வேண்டும். 4500-ஐ விட்டுவிட்டு 3000 ஆர்பிஎம் வைத்துக்கொள்ளச் சொன்னேன். கிளட்ச் பெடலை முழு மிதியிலிருந்து பைட் பாயிண்ட் (கிளட்ச் பிடிக்கத் தொடங்கும் இடம்) வரை வேகமாகக் கொண்டுவர வேண்டும், அங்கே நிற்க வேண்டும், கார் வேகம் பிடிக்கிறவரை பெடல் அங்கேயே மிதக்க வேண்டும், இன்ஜினும் சக்கரமும் ஒன்றாகச் சுற்ற ஆரம்பித்ததும் மீதியை விட வேண்டும். 3000 ஆர்பிஎம் என்பது 23 கி.மீ. வேகம், எல்லை முடுக்கத்தில் அந்த வேகத்தை எட்ட 1.4 விநாடி ஆகும். கிளட்ச் மிதக்க வேண்டிய காலம் ஏறக்குறைய அவ்வளவு. ஸ்டார்ட் லைனில் நிற்கிறவருக்கு அது ஒரு யுகம் மாதிரி தோன்றும், அதனால்தான் எல்லோரும் சீக்கிரம் விட்டுவிடுகிறார்கள். டயர் லேசாக வழுக்குவதால் நடைமுறையில் கொஞ்சம் முன்னாலேயே விடலாம், ஆனாலும் பழகாத கால் விடுகிற நேரத்தைவிட இது நிச்சயம் நீளம்.

பழகுவதற்கு நல்ல வழி ஒன்று: போட்டியில்லாத, மூடிய இடத்தில், ஆக்சிலேட்டரே கொடுக்காமல் வெறும் ஐடிலில் கிளட்சை மட்டும் வைத்து காரைக் குலுங்காமல் நகர்த்திப் பாருங்கள், பைட் பாயிண்ட் எங்கே தொடங்கி எங்கே முடிகிறது என்று கால் தெரிந்துகொள்ளும். பொதுச் சாலையில் லான்ச் பழகாதீர்கள். வழுக்கி ஒரு பக்கம் இழுத்தால் அங்கே நிற்பது இன்னொருவர்.

ஆக்சிலேட்டரைப் பற்றி ஒரு நுணுக்கம். 80 சதவீத டார்க் என்றால் 80 சதவீத மிதி அல்ல. நடுத்தர ஆர்பிஎம்மில் பாதி மிதியிலேயே இன்ஜின் தன் டார்க்கில் பெரும்பகுதியைக் கொடுத்துவிடும், கடைசிப் பாதி மிதியில் கூடுவது கொஞ்சம்தான். எனவே பாதிக்குச் சற்று மேலே தொடங்கி, கிளட்ச் முழுசாக விட்ட பிறகு சத்தத்தைக் கேட்டு ஏற்ற வேண்டும். இன்ஜின் சத்தம் காரின் வேகத்தோடு சீராக ஏறினால் பிடி இருக்கிறது, திடீரென்று துள்ளி ஏறினால் போய்விட்டது. போனால் ஆக்சிலேட்டரைச் சற்றே விடுவது போதும், முழுசாகக் காலை எடுத்தால் எடை முன்னும் பின்னும் ஆடி இரண்டு தடவை நேரம் போகும்.

ஆரம்ப ஓட்டங்களில் வீல் ஹாப்பும் இருந்தது. முன்சக்கரம் படபடவென்று துள்ளி, டேஷ்போர்டு வரை அதிரும். பிடித்து, முறுக்கி, விட்டு, மறுபடி பிடிக்கிற இந்தத் துள்ளல்தான் டிரைவ்ஷாஃப்ட்டை உடைக்கிறது. அது வந்தால் காலை எடுங்கள், அந்த ஓட்டம் முடிந்தது என்று விட்டுவிடுங்கள். தாக்குப் பிடித்து ஓட்டிக் காட்டுவதில் பெருமை எதுவும் இல்லை. கிளட்ச் முறை மாறியதும் இந்தக் காரில் ஹாப் பெரும்பாலும் நின்றுவிட்டது, மிச்சம் இருந்தது தளர்ந்துபோன ஓர் இன்ஜின் மவுண்ட் மாற்றியதும் போயிற்று.

பின்பக்க ஸ்பிரிங்கை இறுக்கினால் எடை பின்னால் போகாது என்று அவரிடம் யாரோ சொல்லியிருந்தார்கள். போகிற எடையின் அளவை ஸ்பிரிங் நேரடியாக மாற்றாது, அது முடுக்கம், உயரம், சக்கர இடைவெளி சம்பந்தப்பட்டது. இறுக்கமான பின் ஸ்பிரிங் காரின் மூக்கு தூக்குவதைக் குறைக்கும், அது எவ்வளவு வேகமாக நடக்கிறது என்பதை மாற்றும், முன்சக்கரத்தின் கோணம் கெடாமல் பார்த்துக்கொள்ளும். அதற்குப் பலன் உண்டு, ஆனால் கிளட்ச் கால் ஒழுங்காகாத நிலையில் அதில் பணம் போடச் சொல்ல மாட்டேன். பெரிய ஃப்ரண்ட் வீல் டிரைவ் டிராக் கார்களின் பின்னால் நீளமாக நீட்டிக்கொண்டிருக்கும் கம்பிச் சக்கரங்கள் வேறு கதை. அவை தரையைத் தொடும் புள்ளியைப் பின்னால் தள்ளி, சக்கர இடைவெளியையே நீளமாக்கிவிடுகின்றன.

என்ன கிடைத்தது

சாக்பீஸ் கோடு 14 சுற்றிலிருந்து பதினொன்றரைக்கு வந்தது. 60 அடி நேரம் 2.45-ஐ ஒட்டி நின்றது, மிகச் சிறந்தது 2.41. அதே வகுத்தலைப் போட்டால் 0.5 ஜி, எல்லையாக நாங்கள் கணக்கிட்ட 0.48-ஐவிடக் கொஞ்சம் மேலே. பாதையின் பிடி நாங்கள் எடுத்துக்கொண்ட 0.9-ஐவிடச் சற்று நன்றாக இருந்திருக்கிறது என்று இதற்குப் பொருள். கால் மைல் நேரம் 16.3, கடைசி வேகம் அதே 134. 60 அடியில் மிச்சமான நேரம் கடைசியில் அதைவிடக் கூடுதலாகத் தெரிவது டிராக் ரேஸில் வழக்கம்தான். சீக்கிரமே வேகம் பிடித்த கார் மீதித் தூரத்திலும் முன்னாலேயே ஓடுகிறது, லிமிட்டரில் முட்டி வீணான நேரமும் சேர்ந்து கிடைத்தது.

என்னைப் பொறுத்தவரை 0.4 விநாடியைவிடப் பெரிய பலன் வேறொன்று. முன்பு ஓட்டத்துக்கு ஓட்டம் கால் விநாடி ஆடிய 60 அடி நேரம், இப்போது 0.05-க்குள் அடங்குகிறது. பிராக்கெட் ரேஸில் உங்கள் நேரத்தை நீங்களே முன்கூட்டிச் சொல்லி அதற்கு மிக நெருக்கமாக ஓட வேண்டும், அங்கே வேகமான காரைவிட ஒரே மாதிரி கிளம்புகிற கார்தான் அடுத்த சுற்றுக்குப் போகும். 16 விநாடிக் கார் வைத்திருப்பவருக்கும் அங்கே உண்மையான வாய்ப்பு இருக்கிறது.

ரியாக்‌ஷன் நேரம் தனிக் கணக்கு, அதை இதோடு கலக்கவே இல்லை. சாதாரண மரத்தில் (ஸ்டார்ட் லைனில் நிற்கும் விளக்குக் கம்பம்) மூன்று மஞ்சள் விளக்கும் அரை விநாடி இடைவெளியில் எரியும். அவர் பச்சை பார்த்துக் கிளம்பிக்கொண்டிருந்தார், இப்போது மூன்றாவது மஞ்சள் எரிந்ததும் கிளம்புகிறார். இந்த மாதிரிக் காரில், ஆழமாக (இரண்டாவது விளக்கு எரிந்த பிறகும் முன்னேறி) ஸ்டேஜ் செய்யாதவரை, அதற்குச் சிவப்பு (முன்கூட்டியே கிளம்பிய தவறு) விழுவது அரிது.

இனி மிச்சம் இருப்பது கார் பக்கம். ஓப்பன் டிஃபரன்ஷியல் இரண்டு சக்கரத்துக்கும் ஒரே அளவு டார்க்கைத்தான் கொடுக்கும், பிடி குறைந்த சக்கரம் எவ்வளவு தாங்குமோ அவ்வளவுதான் மற்றதற்கும். வீடியோவில் இடது சக்கரம் எப்போதும் முதலில் வழுக்குவது இன்னும் தெரிகிறது. லிமிட்டெட் ஸ்லிப் டிஃபரன்ஷியல் அதைச் சரிசெய்யும், ஆனால் அதற்கு முன் நல்ல டயர். உராய்வு 1.2 தருகிற டயரும் பாதையும் சேர்ந்தால் இதே காரின் எல்லை 0.6 ஜி-யைத் தொடும், 60 அடி 2.2 விநாடியை நெருங்கும். ஆனால் அப்போது முதல் கியரின் முழு டார்க்கையும் டயர் தாங்கிவிடும், உபரி என்று எதுவும் இருக்காது, 3000 ஆர்பிஎம்மில் கிளம்பினால் இன்ஜின் மூச்சு முட்டி அமுங்கும். எனவே டயர் மாற்றிய அன்று லான்ச் ஆர்பிஎம்மை மறுபடி கீழிருந்து 300, 300-ஆக ஏற்றிப் பார்த்து, சாக்பீஸ் கோட்டை எண்ணி, புதிதாகத் தேட வேண்டியிருக்கும்.